அடுப்படிக்கு வந்த ஆத்தங்குடிக் கல்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பிலும் பட்டாலையிலும் வளவிலும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிய மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் டைல்ஸ் பதித்த சுவர் எல்லாம் அங்கேதான். அப்படியே நேராக நடந்து, இரண்டாங்கட்டைத் தாண்டி அடுப்படிக்குப் போனால் காட்சி மாறிவிடும். புகை ஏறிக் கறுத்த சுவர், சொரசொரப்பான தரை, சுவரை ஒட்டி விறகடுப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை இந்த வீடுகளைக் கட்டியவர்கள் கடல் கடந்து சம்பாதித்த பணத்தை வாசலில்தான் கொட்டினார்கள். அடுப்படிக்கு அது வந்து சேரவில்லை.

நான் அந்தச் சீமையில் பிறந்தவள். சென்னையில் உள்வடிவமைப்புப் படித்துவிட்டு, இப்போது சமையலறை வேலைகளை மட்டுமே எடுத்துச் செய்கிறேன். "பழைய செட்டிநாட்டு மாதிரி, ஆனா சொகுசா ஒரு கிச்சன் வேணும்" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அப்படி ஒரு சமையலறை அந்தக் காலத்தில் இருந்ததே இல்லை என்பதுதான். அவர்கள் மனத்தில் ஓடுவது முகப்பு. அதன் அழகை அடுப்படிக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். தாராளமாகக் கொண்டுவரலாம். ஆனால் நெருப்பும் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் புளியும் தினமும் புழங்கும் இடத்தில் எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்துகொண்டு கொண்டுவர வேண்டும்.

அந்தக் கறுத்த அடுப்படியிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதை யாரும் கேட்டு வருவதில்லை. நான்தான் எடுத்துச் சொல்கிறேன். அடுப்படி ஒரு திறந்த முற்றக் கட்டைப் பார்த்து இருக்கும். வெளிச்சம் அங்கிருந்து வரும், புகை அங்கே போகும். அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாம் அந்தக் கட்டின் தாழ்வாரத்தில் கிடக்கும். அரைக்கிற சத்தமும் ஈரமும் அடுப்பு பக்கம் வராது. அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் இருட்டான சாமான் அறையில். காய் நறுக்குவது அரிவாள்மனையில் உட்கார்ந்து. சூடு, ஈரம், உலர்ந்தது என்று மூன்றையும் தனித்தனியே பிரித்து வைத்திருந்தார்கள். இன்று பெரிய விலைக்குச் சமையலறை வரைகிற நிபுணர்களும் இந்தப் பிரிவினையைத்தான் வரைகிறார்கள்.

நாம் இன்று 'மாடுலர் கிச்சன்' என்று சொல்வதன் மூதாதை ஜெர்மனியில் பிறந்தது. 1926இல் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெத்தே ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சின்ன வீட்டில் தனியாகச் சமைக்கும் பெண் ஓர் அடிகூட வீணாக நடக்கக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த அருமையான வேலை அது. ஆனால் நம் பெரிய வீடுகளில் ஒருத்தர் மட்டுமா சமைக்கிறார்? ஒருத்தர் தாளிக்க, ஒருத்தர் தேங்காய் துருவ, இன்னொருத்தர் பாத்திரம் கழுவ, நடுவில் காபி கேட்டு ஒருத்தர் வந்து நிற்பார். அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் என்று முக்கோணம் போட்டு மூன்று பேரையும் அதற்குள் அடைத்தால் முட்டிக்கொள்வார்கள். மேடைக்கும் மேடைக்கும் நடுவே நான் 120 செ.மீ. இடம் விடுகிறேன். குனிந்து இழுப்பறையைத் திறப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் சூடான பாத்திரத்தோடு போக அது வேண்டும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு வேலையைச் சொல்கிறேன். மகனும் மருமகளும் வெளிநாட்டிலிருந்து திரும்பி, பாதி வருஷம் ஊரில் இருப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். வீட்டில் ஆச்சி இருக்கிறார். முதல் நாள் நான் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது ஆச்சி கேட்டார்: "அடுப்படிக்கு எதுக்குத்தா இம்புட்டு அலங்காரம்? வேர்க்காம சமைக்கிற மாதிரி பண்ணிக் குடு, போதும்."

"ரெண்டும் பண்ணுவோம் ஆச்சி" என்றேன். ஆனால் அவர் சொன்ன வரிசையில்தான் செய்தேன். வேர்க்காமல் இருப்பது முதலில்.

பழைய அடுப்படியை ஒட்டிய கட்டைத் தகரம் போட்டு மூடி வைத்திருந்தார்கள். தகரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லேமினேட்டட் கண்ணாடியை ஓர் அடி உயர்த்திப் போட்டு, நான்கு பக்கமும் சாய்வுப் பலகை வைத்துக் காற்றுக்கு வழி விட்டோம். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியே போய்விடும். சமையலறையில் இருந்த மின்விசிறியின் தேவையே பாதி குறைந்தது. கண்ணாடிக் கூரையைப் பக்கத்தில் திறப்பு விடாமல் மூடினால் அந்தச் சமையலறை வெயில் காலத்தில் வேகும். விலை உயர்ந்த வீடுகளிலேயே இதை நிறையப் பார்க்கிறேன்.

மேடை உயரத்துக்கு இரண்டு அளவு எடுத்தேன். நேராக நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 10 முதல் 15 செ.மீ. கழித்தால் நறுக்குவதற்கும் பிசைவதற்கும் சரியான உயரம் கிடைக்கும். மருமகளுக்கு 86 செ.மீ., ஆச்சிக்கு 80. அடுப்பு வைக்கும் இடம் அதைவிடவும் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமான பானைக்குள் கரண்டி விட்டுக் கிளறும்போது தோள் தூக்கக் கூடாது. அம்மிக்கு இன்னும் தாழ்வான தனி மேடை, இடுப்புக்குக் கீழே. உடம்பின் பாரத்தைக் குழவி மேல் இறக்கினால்தான் மசாலா மசியும். இறக்குமதி அலமாரிகளின் உயரம் நம் பெண்களுக்குப் பொருந்துவது அபூர்வம். அதனாலேயே ஆள் அளவுக்குச் செய்த மேடையை நான் சொகுசில் முதல் சொகுசாக நினைக்கிறேன்.

இனி தரை. ஆசையாக எல்லாரும் கேட்பது ஆத்தங்குடிக் கல். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஆத்தங்குடியில் அதைச் செய்வதை ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் பூவும் கொடியும் கண்ணாடியில் நிற்கும். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு கலவையைப் போட்டு அழுத்தி, மட்டம் தட்டி, காய வைத்து, தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளைக்கே போவதில்லை. கண்ணாடியைப் பிரித்ததும் அதன் வழவழப்பு அப்படியே கல்லின் முகமாக வந்துவிடுகிறது. கையால் ஊற்றுவதால் ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இருக்காது. அந்தச் சிறு வித்தியாசம்தான் தரைக்கு உயிர் தருகிறது. அச்சடித்தாற்போல இருக்கும் விட்ரிஃபைடு டைல்ஸில் ஆத்தங்குடிக் கோலத்தைப் போட்டு விற்கிறார்கள். நான் அதைத் தொடுவதில்லை.

ஆனால் இந்தக் கல்லுக்குப் புளி ஆகாது, எலுமிச்சை ஆகாது. சிமெண்டில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. புளிப்பு பட்டால் அரிக்கும். சிந்திய ரசத்தை உடனே துடைக்காவிட்டால் தடம் விழும். எண்ணெயும் ஆரம்ப நாட்களில் உள்ளே இறங்கும். இதனால் சமையலறைத் தரை முழுக்க ஆத்தங்குடி போட நான் சம்மதிப்பதில்லை. அடுப்பு, தொட்டி இரண்டுக்கும் முன்னால் 60 செ.மீ. அகலத்துக்குக் கறுப்புக் கிரானைட் பட்டை, வழுக்காத லெதர் பினிஷில். அதைத் தாண்டி நடுவில் ஆத்தங்குடி, பாய் விரித்தாற்போல. கறுப்புக் கரை கட்டியதும் பூக்கள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. மருமகளுக்கு முதலில் வருத்தம்தான், தரை முழுக்கப் பூ வேண்டும் என்று. கரை பதித்து முடிந்த பிறகு அவரே சாப்பாட்டு அறைக்கும் அப்படியே போடச் சொன்னார்.

மேடைக்கு மார்பிள் கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். புளிக்கரைசல் ஒரு மணி நேரம் கிடந்தால் பளபளப்பு போய் மங்கலான வட்டம் நிற்கும். தேய்த்தாலும் போகாது, அது கறை அல்ல, கல்லே கரைந்த இடம். கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான். அதையும் மேல்பரப்புக்குப் போடாதீர்கள். குவார்ட்ஸ் என்று விற்பது கல்தூளைப் பிசினில் பிணைத்த பலகை. புளிக்கு அஞ்சாது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புக் கடாயை நேராக வைத்தால் பிசின் கருகும். நம் சமையலுக்குக் கிரானைட்டுக்கு இணை இல்லை. கிருஷ்ணகிரி உலகத்துக்கே கிரானைட் அனுப்பும்போது, இத்தாலியிலிருந்து கல் வரவழைத்து அதன் மேல் துணி விரித்து வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. மார்பிள் ஆசை தீரவில்லை என்றால், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மாவு பிசையும் சின்ன மேடைக்குப் போடலாம். எளிதில் சூடு ஏறாத கல் என்பதால் மாவுக்கு அது நல்லதும்கூட.

மேடையின் உடம்பை ப்ளைவுட்டில் செய்யாமல், செங்கல் சுவர் எழுப்பி, நடுவே கடப்பாப் பலகை வைத்து, முகத்துக்கு மட்டும் தேக்குக் கதவு போட்டோம். ஊர்ப்பக்கத்துக் கொத்தனார்கள் காலம் காலமாகச் செய்கிற முறை. அந்த மண்ணில் செல் அதிகம். ஒரு மழைக்காலம் போதும், ப்ளைவுட்டின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். நகரத்து அடுக்ககத்தில் ப்ளைவுட் தவிர வேறு வழி இல்லை என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகையைக் கேளுங்கள். தொட்டிக்குக் கீழே உள்ள பெட்டியை மட்டுமாவது 304 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யுங்கள்.

கதவுகளில் செதுக்கு வேலை வேண்டாம். இதை உறுதியாகச் சொல்வேன். ஐரோப்பியப் படங்களைப் பார்த்துவிட்டு வரம்பும் வளைவும் பள்ளமும் வைத்த கதவு கேட்கிறார்கள். தினமும் இரண்டு வேளை தாளிக்கிற வீட்டில் அந்தப் பள்ளம் ஒவ்வொன்றிலும் எண்ணெய் ஆவி போய் உட்கார்ந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். வீட்டு வேலைக்கு வரும் அம்மா பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அடுப்பைச் சுற்றி எல்லாம் தட்டையான கதவு, ஓடுகிற ரேகை தெரியும் தேக்கு, கண்ணுக்குத் தெரியாத கைப்பிடி. செதுக்கு வேலையை ஒரே இடத்தில் குவிப்பேன். அந்த வீட்டில் கட்டுத்துறையில் சும்மா கிடந்த பழைய இரட்டைக் கதவைச் சுத்தம் செய்து சாமான் அறைக்குப் போட்டோம். உயரம் ஆறடிகூட இல்லை. குனிந்துதான் போக வேண்டும். உயர்த்தி ஒட்டுப் போடலாமா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். தட்டையான கதவுகளுக்கு நடுவே அந்த ஒரு கதவு தனியாக எழுந்து நிற்கிறது. எல்லாக் கதவிலும் பூ செதுக்கியிருந்தால் அதை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாத்திரங்களைப் பற்றிப் பேசாமல் அடுப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் வழக்கத்தில் திருமணமான மகனை 'வேறு வைக்கும்போது' அவருக்கென்று தனி அடுப்பும் பாத்திரங்களும் கொடுப்பார்கள். ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு அடுப்பு எரிந்த வீடுகள் உண்டு. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் வெண்கலப் பானை, உருளி, பித்தளைத் தவலை, ஈயச் சொம்பு, கல்சட்டி என்று குவிந்து கிடக்கின்றன. இவற்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்து விளக்குப் போட்டுக் காட்டத்தான் பலரும் கேட்கிறார்கள். நான் சமைக்கக் கொடுங்கள் என்கிறேன். அப்படிச் சமைப்பதென்றால் இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்ப முடியாது. காந்தம் ஒட்டும் பாத்திரத்தைத்தான் அது சூடாக்கும். பித்தளை, வெண்கலம், கல், மண் எதையும் சூடாக்காது. ஆகவே கனமான வார்ப்பிரும்புத் தாங்கி உள்ள கேஸ் அடுப்பு மூன்று எரிவாயோடு, பக்கத்தில் பாலுக்கும் வெந்நீருக்கும் ஓர் இண்டக்‌ஷன். பித்தளையில் புளி சேர்ந்த சமையல் செய்வதற்கு முன் ஈயம் பூசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் களிம்பு ஏறும். ஈயச் சொம்பை ஒருபோதும் காலியாக அடுப்பில் வைக்காதீர்கள், உருகிவிடும்.

இந்தப் பாத்திரங்களின் பாரத்தை இழுப்பறை செய்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வழக்கமான சேனல் 30 கிலோ தாங்கும். இரண்டு உருளியும் ஒரு வெண்கலப் பானையும் சேர்ந்தாலே அதை நெருங்கிவிடும். கீழ் இழுப்பறைகளுக்கு 50 கிலோவுக்கு மேல் தாங்கும் சேனல் போட்டோம். ஆச்சி அதை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார், மெல்லப் போய்ச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். "இதுக்குக் குடுக்கலாம்த்தா காசு" என்றார். புதுக் காலத்துப் பொருளில் அவர் மனம் ஒப்பியது அதற்குத்தான்.

சிம்னியை அதன் குழாய் வெளியே போகும்படி வைக்க வேண்டும். வடிகட்டி அதே காற்றைத் திருப்பிவிடும் வகை நம் தாளிப்புக்கு உதவாது. குழாய் ஆறு அங்குலமாவது இருக்கட்டும், வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். பழைய வீடுகளில் இதற்காகச் சுவரை உடைக்கிறார்கள். பழைய புகைப்போக்கியே இருக்கும், தேடுங்கள். அந்த வழியே குழாயை விட்டால் போதும். சுண்ணாம்புச் சுவரில் மின்கம்பிக்குக் காடி வெட்டுவதையும் தடுத்து நிறுத்துங்கள், தரைக்குள் கொண்டுபோகலாம்.

சுவர்ப் பூச்சு தனிக் கதை. செட்டிநாட்டுச் சுவரின் வழவழப்புக்குச் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், பனைவெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேரும். அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சை ஈரம் இழுக்க இழுக்கத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். கையை வைத்தால் பளிங்கு மாதிரி குளிரும். இன்றும் செய்யத் தெரிந்த ஆட்கள் காரைக்குடிப் பக்கம் இருக்கிறார்கள். நாள் பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது. அந்தப் பூச்சைச் சாப்பிடும் பக்கத்துச் சுவருக்குக் கொடுத்தோம். அடுப்புக்குப் பின்னால் மேடையின் கறுப்புக் கல்லையே மேல்வரை ஒரே பலகையாக ஏற்றினோம். இணைப்பு இல்லாததால் துடைக்க ஒரு கை போதும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்துத் திருப்பி விடும் தன்மை கொண்டது. அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்து மூச்சை அடைத்தால் பொருக்கு விட்டு உதிரும். பெயிண்ட் கடைக்காரர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

விளக்குக்கு 3000 கெல்வின் அளவில் மஞ்சள் கலந்த ஒளி, நிறத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு 90க்கு மேல். வெங்காயம் பொன்னிறமா, கருகத் தொடங்கிவிட்டதா என்று வெளிறிய வெள்ளை ஒளியில் தெரியாது. மேல் அலமாரியின் அடியில் பட்டை விளக்கு வைத்தால் நம் நிழல் நறுக்கும் பலகையில் விழாது.

கடைசியாக, மனம் ஒப்பாத ஒரு விஷயம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் தூண், கதவு, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, மரவை என்று கடை கடையாகக் கிடைக்கும். தூக்கும் ஜாடியும் மனிதர்கள் புழங்கி, கைமாறி வருபவை, சந்தோஷமாக வாங்கலாம். தூணும் நிலையும் அப்படி இல்லை. பங்காளிகள் ஊர் ஊராகச் சிதறி, பராமரிக்க முடியாமல் ஒரு வீட்டை இடித்தால்தான் அவை கடைக்கு வரும். செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருந்தும் வீடுகள் இடிந்துகொண்டே இருக்கின்றன. சென்னைச் சமையலறை ஒன்றில் நடுவது என்பதற்காக ஒரு தூணை வாங்கித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா வீட்டுக் கட்டுத்துறையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்பத்தாவின் அரிவாள்மனை போதும். அது இல்லாவிட்டால் இன்று உயிரோடு இருக்கும் தொழிலாளியிடம் புதிதாகச் செய்து வாங்குங்கள். ஆத்தங்குடியில் கல் ஊற்றுகிறவருக்கும், சேலம் பக்கம் கல்சட்டி கடைகிறவருக்கும், கடுக்காய்ப் பூச்சுப் பூசுகிறவருக்கும் போகிற பணம் அந்தப் பழமையை இன்னொரு தலைமுறைக்கு நீட்டிக்கும்.

வேலை முடிந்து சாவி கொடுக்கும்போது வீட்டுக்காரர்களோடு, தரை துடைக்க வருகிறவரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டு வருவேன். ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் கூடாது, பினாயில் கூடாது, மெஷின் பாலிஷ் கூடவே கூடாது. வெறும் தண்ணீர், வாரம் ஒரு தடவை வாளியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். முதல் சில மாதங்கள் கல் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துபோய்க் கடைக்காரர் தரும் எதையும் ஊற்ற வேண்டாம். வெறுங்காலோடு நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அதற்குப் பளபளப்பு ஏறும்.